கழன்று விழுந்தால் ரேஸ் பைக்

பூண்டுலோயா டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும்போது, மூன்றாவது முடக்கில் என் பைக்கின் வலது கண்ணாடி விழுந்தது. எனக்குப் பெரிய வருத்தமில்லை. இடது கண்ணாடி போன வருஷமே போய்விட்டது. ஜோடி இல்லாமல் அது மட்டும் எத்தனை நாளைக்கு இருக்கும்? "அண்ணே, இப்பத்தான் ரேஸ் பைக் மாதிரி இருக்கு" என்றான் கராஜ் பையன். கிண்டல்தான். ஆனால் பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

2015 ஜூன் மாதம் ஹொண்டாக்காரர்கள் ஆர்சி213வி-எஸ் என்றொரு பைக்கை அறிவித்தார்கள். ரேஸ் வீரர் மார்க் மார்க்கேஸ் 2013, 2014 இரண்டு வருஷமும் உலகப் பட்டம் வென்றது ஆர்சி213வி என்ற மோட்டோஜிபி பைக்கில். அதையே ரோட்டில் ஓட்டச் சட்டம் இடம் கொடுக்கும்படி கொஞ்சம் மாற்றி, குமமோட்டோ தொழிற்சாலையில் கையாலேயே பூட்டி, கொஞ்சமாகத்தான் விற்றார்கள். என்ன மாற்றினார்கள் தெரியுமா? ஹெட்லைட் வைத்தார்கள். ஹோர்ன் வைத்தார்கள். கண்ணாடி, சைட் ஸ்டாண்ட், செல்ஃப் ஸ்டார்ட், நம்பர் பிளேட் மாட்ட ஓர் இடம். ஹேண்டிலையும் இன்னும் கொஞ்சம் திரும்ப விட்டார்கள்.

என் பைக்கில் இதே வேலை தலைகீழாக நடந்திருக்கிறது. ஹோர்ன் ஒரு அடைமழையில் ஊமையானது. ஸ்டாண்ட் மண்சரிவுக்கு மறுநாள் சேற்றிலேயே தங்கிவிட்டது. செல்ஃப் ஸ்டார்ட் நான் வாங்கும்போதே பேச்சில் மட்டும்தான் இருந்தது. அங்கே எஞ்சினியர்மார் சம்பளம் வாங்கிக்கொண்டு பூட்டியதையெல்லாம், எங்கள் ஏற்றத்துக் குழிகள் இலவசமாகவே கழற்றித் தந்தன. என்ன கம்பெனி பைக் என்று கேட்காதீர்கள். டேங்கில் இருந்த பெயரை மழை அழித்துவிட்டது.

விலைதான் கொஞ்சம் இடிக்கும். 1,88,000 யூரோ. அன்றைய கணக்கில் நம் இலங்கைக் காசுக்கு 2 கோடி 80 லட்சம் ரூபாய் அளவில் வரும், சுங்கவரி வேறு. அந்த வருஷம் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, எல்லாம் சேர்த்து 620 ரூபாய். அப்படியென்றால் 45,000 பேர். வருஷத்துக்கு 300 பேர் போட்டாலும் 150 வருஷம். இந்த நாட்டில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாக ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். அன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் நின்ற ஒருத்தி, அன்றைக்கே 620 ரூபாய் வாங்கத் தொடங்கி, ஒரு வாய் ரொட்டிக்கும் செலவழிக்காமல் இருந்திருந்தால், 2017இல் சாவியை வாங்கியிருக்கலாம். கொழுந்து நிறை குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்களை நான் கழிக்கவில்லை.

அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். 30 வருஷம் கொழுந்து எடுத்தவள். "எத்தன பேரு போகலாம் அதுல?" என்று கேட்டாள். ஒரு சீட்தான் என்றேன். "நூத்தம்பது வருஷம் கூடை சொமந்தவ நடந்து வர, நீ மட்டும் போவியா?" பேச்சு அங்கேயே முடிந்தது.

அமெரிக்காவில் சத்தச் சட்டம் கடுமை என்று அந்த பைக்கை 101 குதிரைச் சக்திக்கு அடக்கி விற்றார்கள். என்னுடையதில் குதிரை ஐந்தாறுதான் மிச்சம், சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. தேயிலை ஸ்டோர் சங்குக்கு முன்னால் லயத்தை எழுப்பிவிடும். இன்னொரு கூத்து. மேலே காசு கட்டினால் ஹொண்டா ஒரு கிட் தந்தது. அதைப் பூட்டினால் சக்தி 215க்கு மேல் போகும், ஆனால் ரோட்டில் ஓட்டக்கூடாது. அத்தனை பாடுபட்டு ரோட்டுக்கு இறக்கிய பைக்கை மறுபடி ரேஸ் திடலுக்கே ஏற்ற அது ஒரு தனிச் செலவு.

எங்கள் பக்கத்துக்கும் ரேஸ் புதிதல்ல. 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் நடக்கும். தோட்டத்துப் பையன்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரத்துக்கு வாயாலேயே கியர் மாற்றுவார்கள்.

போன மாதம் ஒரு பொலிஸ்காரர் கை காட்டினார்.

"கண்ணாடி எங்க?"

"விழுந்திருச்சு சேர்."

"ஹோர்ன்?"

நான் ஹொண்டாவின் கதையை முதலிலிருந்து சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார். இடையில் எழுதிக்கொண்டும் இருந்தார்.

"அப்ப இது ரேஸ் பைக்?"

"அப்பிடித்தான் சேர்."

"ரேஸ் எப்ப?"

"ஏப்ரல்ல சேர், நுவரெலியாவுல."

"இப்ப ஒக்டோபர்" என்று சொல்லி, தாளைக் கிழித்து நீட்டினார்.