முகத்தைப் பாக்காதே மருமவனே, முதுகைப் பாரு

மருமவனே, ஈப்போவுல போனஸ் காசைக் கொட்டி, அந்த ரிசீவர் பெட்டியை சிம்பாங் பூலாய் வளைவு முழுக்க மடியிலயே வச்சுக் கொண்டாந்தியாமே. உம் பொண்டாட்டி சொல்றா, பெத்த புள்ளையைக்கூட நீ அப்படித் தூக்கிட்டு வரலையாம். சந்தோசம். ஆனா வந்த நாள்லேருந்து அதோட மூஞ்சியையே துடைச்சுக்கிட்டு இருக்கியே, அதுதான் இந்தக் கிழவனுக்கு விளங்கல. மூஞ்சியில என்னடா இருக்கு? ஒரு குண்டுக் குமிழு, ஒரு நீல விளக்கு, கம்பெனிக்காரன் பேரு. அதெல்லாம் சம்பந்தி வீட்டுக்காரங்க வந்து வாயைப் பொளக்குறதுக்கு. வேலை தெரிஞ்சவன் பெட்டியைத் திருப்பிப் போட்டு முதுகைப் பாப்பான்.

அங்க முதல்ல தேட வேண்டியது கரண்டு எழுத்து. நம்ம சுவத்துல வர்றது 230 வோல்ட்டு. ஜப்பான்லேருந்து பழைய சாமான் இறங்குற கடையில மலிவா வாங்கியிருந்தா, அது அவங்க ஊருக்குச் செஞ்ச 100 வோல்ட்டுப் பெட்டியா இருக்கும். கடைக்காரரு மூணு கால் பிளக்கை மாட்டிக் குடுத்துட்டாருங்கறதுக்காக உள்ள இருக்குறது மாறிடாது. நேரா செருகினா சத்தம் வராது, புகை வரும். அப்புறம் நீ டிரான்ஸ்பாரம் வாங்க மறுபடியும் ஈப்போவுக்குப் போகணும். அந்தத் தடவை மடியில ஒண்ணும் இருக்காது, பர்சிலயும் இருக்காது.

எழுத்து சரின்னா, இப்ப விசயத்துக்கு வா. உன் வீட்டுல ஆஸ்ட்ரோ பெட்டி ஒண்ணு, புளூரே பிளேயர் ஒண்ணு, உம் மவனோட கேம் பெட்டி ஒண்ணு. நீ என்ன பண்ணியிருக்கே? மூணையும் டிவியில கொண்டுபோய்க் குத்திட்டு, ரிசீவரைப் பக்கத்துல சும்மா உக்கார வச்சிருக்கே. ரிசீவருங்கறவரு நம்ம தண்டல் மாதிரிடா. விடியக்காலம் பெரட்டுல யாரு வந்தாலும் தண்டல்கிட்டதான் பேரு குடுக்கணும். அவருதான் இவன் இந்த மலைக்கு, அவன் அந்த மலைக்குன்னு பிரிச்சு அனுப்புவாரு. நேரா ஆபீசுக்குப் போயி துரைகிட்ட நிக்கிற ஆளு நம்ம தோட்டத்துல உண்டா? துரையானவரு இங்க டிவி. ஆக மூணு சாமானும் ரிசீவர் முதுகுல எச்டிஎம்ஐ 'இன்'னு போட்டிருக்குற ஓட்டைகள்ல போகணும். 'அவுட்'டுன்னு இருக்குற ஓட்டையிலேருந்து ஒரே ஒரு கேபிள் டிவிக்கு. அம்புட்டுதான். படம் மேல போயிரும், சத்தத்தைத் தண்டல் தன்கிட்டயே நிறுத்தி ஸ்பீக்கருங்களுக்குப் பங்கு போட்டுருவாரு.

ஏன் டிவியில குத்தினா ஆகாதாங்கறே. ஆகும், யாரு இல்லேன்னா? ஆனா சில டிவி வந்த சத்தத்தை அப்படியே திருப்பித் தராது. அஞ்சு ஸ்பீக்கருக்கு வந்த சத்தத்தை ரெண்டா மடிச்சுத்தான் வெளிய விடும். அஞ்சு ஸ்பீக்கருக்குக் காசு குடுத்துட்டு ரெண்டோட சத்தத்தைக் கேக்கணும்னா, மீதி மூணையும் எங்கிட்ட குடுத்துரு. மாரியம்மன் கோயிலுக்கு ஆகும்.

இப்ப ஒரு சங்கடம். டிவிக்குள்ளயே யூடியூப்பு இருக்கு, மொட்டை ஆன்டெனாவுல வர்ற ஆர்டிஎம் தமிழ்ச் செய்தி இருக்கு. அந்தச் சத்தம் துரைகிட்டயே பொறக்குது. அது தண்டலுக்கு எப்படி வரும்? அதுக்குத்தான் 2009-ல எச்டிஎம்ஐ 1.4-ன்னு ஒண்ணு விட்டாங்க. படம் மேல போற அதே கேபிள்லயே சத்தம் கீழ எறங்கி வரும். ஏஆர்சின்னு பேரு. ஆனா டிவி முதுகுல இருக்குற எல்லா ஓட்டையும் அந்த வேலை செய்யாது. ஏஆர்சின்னு எழுதியிருக்குற ஒரே ஓட்டைதான். ரிசீவர்லயும் 'அவுட்' பக்கத்துல அதே மூணெழுத்து இருக்கணும். நீ கைக்கு எட்டின ஓட்டையில செருகிட்டு, "மாமா, சாமான் டூப்ளிகேட்டு"ன்னு எனக்குப் போனு போடுறே. சாமான் நல்ல சாமான்தான்டா. குத்தினவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

2017-ல வந்த 2.1-ல ஈஏஆர்சின்னு அண்ணன்காரன் வந்தான். புளூரேயில இருக்குற, சுருக்காத முழுச் சத்தத்தையும் அவன் கீழ எறக்குவான். தம்பிக்காரனால அது முடியாது. உன் சாமான்தான் நேரா ரிசீவருக்குப் போகுதே, உனக்கு அவன் அவசரமில்ல. இருந்தா இருக்கட்டும். பழைய டிவியா, ஏஆர்சியே இல்லையா, அப்ப சிவப்பு வெளிச்சம் கக்குற ஆப்டிகல் ஒயரைப் போடு. 1983-ல தோஷிபாகாரன் கண்டுபிடிச்சது, இன்னும் ஓடுது. 5.1 வரைக்கும் சுருக்கிக் கொண்டாரும். மடக்கிச் செருகினா மட்டும் செத்துப்போகும். கண்ணாடி மாதிரி வளையாத ஆளு அது, நம்ம ஆளுங்களைப் போல இல்ல.

கேபிள் சரியா இருந்தும் ஊமையா நிக்குதுன்னா, டிவி மெனுவுக்குள்ள போயி சத்தத்தை வெளி ஸ்பீக்கருக்கு மாத்து. அப்புறம் சிஇசின்னு ஒண்ணைத் திறக்கணும். அந்தப் பேருல தேடினா கிடைக்காது. சாம்சங்குல எனிநெட் பிளஸ்ஸு, எல்ஜியில சிம்ப்லிங்க்கு, சோனியில பிராவியா சிங்க்கு. ஒரே புள்ளைக்கு மூணு வீட்டுல மூணு பேரு வச்சிருக்கானுங்க. அதைத் திறந்தா டிவி ரிமோட்டாலயே ரிசீவர் சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கலாம். உங்கம்மா கையில நாலு ரிமோட்டைக் குடுத்து அந்தப் பொம்பளையை அழ வைக்காதே. இன்னொண்ணு, ரிசீவர் தூங்குறப்பவும் படம் டிவிக்குப் போற மாதிரி ஒரு செட்டிங் இருக்கும், அதையும் போட்டு விடு. எந்தங்கச்சி செய்தி கேக்குறதுக்கு அஞ்சு ஸ்பீக்கரும் முழிச்சிருக்க வேணாம்.

4கே டிவியாமே? அப்ப ஒரு எச்சரிக்கை. ஆஸ்ட்ரோக்காரங்க 2019-ல அல்ட்ரா பெட்டி விட்டாங்களே, அந்த மாதிரி 4கே சாமான் எச்டிசிபி 2.2-ன்னு ஒரு பூட்டைப் போட்டு வச்சிருக்கும். பெட்டி, ரிசீவர், டிவி மூணுலயும் அதுக்குச் சாவி இருக்கணும். நடுவுல இருக்குற ரிசீவர் பழசுன்னா படம் கறுத்துப் போகும், இல்ல தரம் எறங்கிப் போகும். அப்ப மட்டும் தண்டலைத் தாண்டி நேரா துரைகிட்டப் போ. படம் டிவிக்கு, சத்தம் ஏஆர்சியில கீழ. விதின்னு இருந்தா விலக்குன்னும் இருக்கும்.

ஆனா படம் கறுத்ததும் கேபிளைப் புடுங்க ஓடாதே. முதல்ல சன்னலைத் தொறந்து வானத்தைப் பாரு. ஆஸ்ட்ரோ 1996-ல வந்ததுலேருந்து இந்த நாட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி இது: மழை அடிச்சு ஊத்தினா தட்டு செத்துப்போகும். சுமார் 36,000 கிலோமீட்டர் தாண்டி ஒழுங்கா வந்த சிக்னலு, கடைசிச் சில கிலோமீட்டர் மழைத் தண்ணியில கரைஞ்சு போகுது. நம்ம மலையில சாயங்கால மழை எப்ப வரும்னு உனக்குச் சொல்லணுமா? மழை விட்டா தானா வரும். அதுக்குள்ள நீ எல்லா கேபிளையும் உருவி மாத்திக் குத்தி வச்சிருப்பே, மழை விட்ட பிறகும் படம் வராது. ஆன்டெனாவும் அப்படித்தான். 2019-ல பழைய அனலாக்கை நிறுத்தி டிஜிட்டலு ஆக்கிட்டாங்க. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் வழியா ஏறுற ரோட்டுல போனா, 2,000 மீட்டருக்கு மேல பிரிஞ்சாங் உச்சியில கோபுரங்க நிக்குது. ஆனா குறுக்க ஒரு மேடு நின்னா பள்ளத்துல இருக்குற லயத்துக்குப் படம் கட்டம் கட்டமாத்தான் வரும். அதுக்கு ரிசீவரைத் தட்டி என்ன பண்றது?

ஸ்பீக்கர் ஒயருக்கு வருவோம். இதுல நான் கொஞ்சம் வாய் நீட்டிப் பேசலாம். ஃபேக்டரியில ரோலர் மோட்டாருக்கும், திருவிழாவுல கொம்பு ஸ்பீக்கருக்கும் ஒயர் இழுத்த கை இது. ஒயர் நுனியை ஒரு விரல் நகம் அளவுக்குச் சீவு, கம்பி இழையை முறுக்கு. ஒரு இழை தப்பிப் போயி பக்கத்து முனையைத் தொட்டுச்சுன்னா ரிசீவர் பயந்து தானா அணைஞ்சுக்கும். அணைஞ்சா அதிஷ்டம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கருல மட்டும் மாத்திக் குடுத்தியானா சத்தம் வரும், ஆனா தவிலு அடி காணாமப் போயிரும். ஒரு ஸ்பீக்கர் காத்தைத் தள்ளுறப்ப மத்தது இழுக்கும், ரெண்டும் ஒண்ணையொண்ணு சாப்பிட்டுரும். நீ கம்பெனிக்காரனைத் திட்டுவே.

"கொம்பு கட்டுறப்ப நீங்க ஒரே ஒயருல வரிசையாக் கோத்துக்கிட்டே போவீங்களே, நானும் அடுப்படிக்கு ஒண்ணு கோத்துக்கிட்டா என்ன"ன்னு கேக்குறியே, கேக்க நல்லாத்தான் இருக்கு. கோயில் ஆம்ப்ளிஃபையர் 100 வோல்ட்டு லைன். ஒவ்வொரு கொம்புக்கும் தனித்தனியா டிரான்ஸ்பாரம் இருக்கும், வாட்டைக் கூட்டிப் பாத்துக் கோத்துக்கலாம். உன் ரிசீவர் முதுகுல ஓம் கணக்கு எழுதியிருக்கும் பாரு. 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டை ஒரே முனையில சேத்துக் கட்டினா 4 ஓமாயிரும். அது தாங்குற கணக்குக்குக் கீழ போனா பெட்டி கொதிக்கும். அடுப்படியில ஏற்கெனவே ஒரு கொதி இருக்கு, போதும்.

குண்டு ஸ்பீக்கருக்கு, அதான் சப்வூஃபருக்கு, ஒயர் சீவ வேணாம். 'சப் அவுட்'டுன்னு இருக்குற வட்ட ஓட்டையிலேருந்து ஒத்தை ஆர்சிஏ கேபிள். அதை மூலையில தள்ளி வச்சா சத்தம் ரெண்டு மடங்கு தெரியும். நீ அதைத்தான் செய்வே, எனக்குத் தெரியும். ஆனா உன் பலகைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு படுத்திருக்காங்கன்னு நெனைச்சுப் பாத்தியா? அந்தக் காலத்துல திடல்ல வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்டினாங்க. சத்தம் எல்லாருக்கும் சேத்துத்தான், துணிக்குப் பின்னாடி உக்காந்து பாத்தவனுக்கும் சேத்து. இப்ப பக்கத்து வீட்டுல இருக்குறது வங்காளதேசத்துப் பையனுங்க. உன் வில்லன் அடி வாங்குறது அவங்க காதுல முழுசா விழுது, எதுக்கு அடிக்கிறான்னு மட்டும் தெரியல. விடிஞ்சா கொழுந்து மெசினைத் தூக்கணும். ராத்திரியில 'நைட் மோடு'ன்னு ஒண்ணு இருக்கு, போடு. வெடிச் சத்தத்தை அமுக்கி, பேச்சைத் தூக்கிக் காட்டும். நடு ஸ்பீக்கரைச் சாமி மேடைக்குக் கீழ ஒளிச்சு வைக்காதே, வசனம் முழுக்க அதுலதான் வருது. முருகனுக்கு வசனம் தேவையில்ல.

இடி இறங்குறப்ப சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. பிளக்கைக் கழட்டு. ஆஸ்ட்ரோ தட்டு ஒயரையும் பெட்டி முதுகுலேருந்து திருகிக் கழட்டு. இடி அந்த வழியாவும் வரும்.

கடைசியா ஒண்ணு. டப்பாவுக்குள்ள குட்டி மைக்கு ஒண்ணு இருக்கும், நீ அதைப் பாட்டுப் பாடுறதுக்குன்னு நெனைச்சு உம் மவன்கிட்ட குடுத்திருக்கே. அதைப் புடுங்கு. அதைப் பெட்டியில மாட்டினா ஒவ்வொரு ஸ்பீக்கரும் கீச்சு கீச்சுன்னு கத்தும், மைக்கு அளவெடுக்கும். நம்ம குளிருக்குச் சத்தம் ஒரு விநாடியில சுமார் 342 மீட்டர் ஓடுது, அதாவது ஒரு மீட்டருக்கு ஆயிரத்துல மூணு பங்கு விநாடி. கிட்ட இருக்குற ஸ்பீக்கரைக் கொஞ்சம் காத்திருக்க வச்சு, தூர இருக்குறதோட சேத்து ஒரே நேரத்துல காதுக்கு வர்ற மாதிரி பெட்டியே கணக்குப் போட்டுக்கும். மைக்கு முதல்ல எங்க நிக்குதோ அந்த எடத்துலதான் சத்தம் ரொம்பச் சுத்தமா இருக்கும். மத்த எடமெல்லாம் ஏதோ பரவாயில்லன்னு இருக்கும்.

அதனால மைக்கைக் கையில புடிக்காதே, டிவி மேசையில வைக்காதே. சன்னலோரமா ஒரு பழைய பிரம்பு நாற்காலி கிடக்குதே, அதுல ஒரு ஆளு சாஞ்சு உக்காந்தா காது எங்க வருமோ அந்த ஒசரத்துல டப்பாவை அடுக்கி அதுக்கு மேல வை. சோபா வேணாம். ஏன் சோபா வேணாம்னு கேக்காதே, பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும். தீபாவளிக்கு மத்தியானமே வந்துருவேன். ஆட்டுக்கறி, முறுக்கு எல்லாம் அங்கயே கொண்டாந்து குடுத்தாப் போதும், நான் எந்திரிக்க மாட்டேன்.