மஞ்சக் கடுதாசி மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. வீட்டுச் சொவத்துக்கு மஞ்சப் பெயிண்ட் அடிக்கச் சொன்னப்ப, செலவாகும்னு தட்டிக் கழிச்ச. இப்பப் பாரு, மஞ்சக் கலரு கோர்ட்டுத் தபால்லயே வீடு தேடி வந்திருச்சு. வாடகைக்காரன் ஐ.பி., அதான் திவால் மனு, போட்டுட்டானாமே!

7 மாச வாடகை நின்னுச்சே, அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்த? தறிச்சத்தம் கேக்குது, பய நெய்யிறான், குடுத்துருவான்னு காதாலயே வசூல் பண்ணிக்கிட்டிருந்த. விசைத்தறி வந்தப்புறம் சின்னாளப்பட்டியில கைத்தறிக் கூலி எந்த மூலைக்குக் காணும்? அதுலயும் திங்கக்கிழமை ஒரு குழுக்காரன், புதங்கிழமை இன்னொரு குழுக்காரன், பொழுது சாஞ்சா கந்துக்காரன், நடுவுல பாவு குடுத்த மொதலாளிக்கு முன்பணக் கழிவு. அவுக எல்லாரும் வாசல்ல வந்து நின்னாக. நீ மாடியில நின்ன. வாசல்ல நிக்கிறவனுக்குத்தான் மொதப் பந்தி.

கோர்ட்டு பாத்துக்கும்ங்கிற. நல்லாப் பாத்துக்கும். வெள்ளைக்காரன் 1920-ல போட்ட மாகாண நொடிப்புச் சட்டம் இது. 500 ரூவா கடன் இருந்தாலே மனுப் போடலாம்னு அதுல இருக்கு. 2016-ல டெல்லியில புதுத் திவால் சட்டம் போட்டாக. நம்ம ஊரு நெசவாளிக்கு இன்னமும் பழசுதான். நொடிச்சவன்னு கோர்ட்டு சொல்லிட்டா, அவன் சொத்து கோர்ட்டு கைக்குப் போயிரும். உன் பாக்கிக்குக் கேஸ் போடணும்னாலும் கோர்ட்டக் கேட்டுத்தான் போடணும். நீயும் கந்துக்காரனும் ஒரே வரிசை. சொத்துன்னு அவன்கிட்ட என்ன இருக்கு? சோத்துப்பானை, படுக்கிற பாய், நெய்யிற தறி. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு மூணையும் ஜப்தி பண்ணக்கூடாதுங்குது. மிச்சம், கொல்லையில கட்டுன கொடிக்கயிறு. அதுவும் உன்னுது.

பூட்டுப் போட்டு, கரண்டப் புடுங்கிரலாமான்னு யோசிக்கிறியா? பேஷாப் பண்ணு. தண்ணி, கரண்ட நிறுத்தக்கூடாதுன்னு 2017 வாடகைச் சட்டத்துல தெளிவா எழுதியிருக்கு. அப்புறம் அவன் பாக்கிய விட்டுட்டு உன் அடாவடியத்தான் விசாரிப்பாக.

அதே சட்டத்துல உனக்கும் வழி வெச்சிருக்காக. 2 மாச வாடகை நின்னா நோட்டீஸ் குடு, ஒரு மாசத்துல கட்டலைன்னா வாடகை நீதிமன்றத்துல காலி பண்ணச் சொல்லிக் கேளு. அதுக்கு ஒப்பந்தத்த எழுதிப் பதிஞ்சிருக்கணும். உன் ஒப்பந்தம் எங்க? வெத்தலைப் பெட்டி மேல அடிச்ச சத்தியந்தான? எழுதுனா வரிக்காரன் மோப்பம் புடிப்பான்னு சொன்ன புத்திசாலியாச்சே நீ!

உன்னய விடப் பெரிய ஆளுகளே ஏமாந்திருக்காக. 1938-ல ராஜாஜி விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டாந்தாரு. 1937 அக்டோபர் 1 வரைக்கும் நின்ன வட்டி தள்ளுபடி. ஜமீனுக்குக் குடியானவன் வெச்ச பாக்கிக்கும் அதுல ஒரு வழி: சமீபத்து வருசங்களோட பாக்கியக் கட்டுனா, அதுக்கு முந்துனது போச்சு. கணக்குப்பிள்ளை வெச்சிருந்த ஜமீனுக்கே அந்தக் கதி. பாக்கிங்கிறது தயிரு மாதிரி மாப்ளே, நாளாக நாளாகப் புளிக்கும், வெலை ஏறாது.

இன்னொண்ணு. குடி வந்தப்ப 10 மாச அட்வான்ஸ் வாங்குனியே, எழுத்துல வேற பேச்சு இல்லாட்டி 3 மாசத்துக்கு மேல வாங்கக்கூடாது, தெரியுமா? அந்தப் பணத்துக்கு உன் வாடகைக்காரன் எங்க போனான்? கந்துக்காரன்கிட்ட. அவன் கடனுக்குப் பிள்ளையார் சுழி போட்டதே நீதான். அந்தக் காசுல உன் மகளுக்குக் காதுகுத்து. கறி ருசியாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லல.

இப்பக் கூட்டிக் கழிச்சுப் பாரு. 10 மாச அட்வான்ஸ்ல 7 மாசப் பாக்கி போக, 3 மாசக் காசு நீ அவனுக்குத் தரணும். கடுதாசியில கடன் குடுத்தவுக பட்டியல மட்டும் பாத்துட்டு ஓடியாந்துட்ட. அவனுக்கு வரவேண்டிய பாக்கின்னு இன்னொரு பட்டியல் இருக்கும், அதுல உன் பேரு இருக்கான்னு பாரு. இருந்தா, கோர்ட்டு போடுற ரிசீவரு உன்கிட்டத்தான் வந்து நிப்பாரு.

காசத் தேத்தி வெச்சுக்க மாப்ளே. தேத்த முடியலைன்னா சொல்லு, ஐ.பி. போட நல்ல வக்கீல் யாருன்னு உன் வாடகைக்காரன்கிட்டயே கேட்டுச் சொல்றேன்.