முழங்கையால் ஊதும் தேசம்

கேள்வி: ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலைத் தூக்கியதுமே கை வலிக்கிறது. இன்றைய ஐரிஷ் எழுத்தையும் நாட்டுப்புற இசையையும் எங்கே தொடங்கலாம்?

பதில்: கிளேர் கீகனிடம். 2022 புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்ற 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' நூற்றுச் சொச்சம் பக்கம்தான். 1985 கிறிஸ்துமஸ் சமயம். கன்னிமாடத்துச் சலவைக்கூடத்தில் அடைபட்ட பெண்கள். பார்த்துவிட்ட ஒரு நிலக்கரி வியாபாரி. ஊரே வாய்மூடி இருந்த கதையைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். 2023இல் புக்கர் வென்ற பால் லிஞ்சின் 'பிராஃபெட் சாங்' பத்தியே பிரிக்காமல் ஓடும். மூச்சுப்பயிற்சி செய்துவிட்டு எடுங்கள்.

இசைக்கு, 1962இல் டப்ளினில் தொடங்கிய 'தி சீஃப்டன்ஸ்' குழு. அதன் பேடி மலோனி வாசித்த இல்லன் பைப் என்னும் ஐரிஷ் பைக்குழலுக்குக் காற்று தருவது வாயல்ல, முழங்கை அழுத்தும் துருத்தி. வாயைக் கதையளக்க மிச்சம் பிடித்திருக்கிறார்கள்! கீகனையே முதலில் படியுங்கள். ஒரு மாலை போதும்.