துணைக்கு ஓராள்

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளர் தன்னோடு நிற்க ஓராளைத் தேடிப் பிடித்து, வாக்குச்சீட்டிலேயே பெயரைப் போட்டுவிடுகிறார். இலங்கையின் 1978 யாப்பு நமக்கு அந்தத் தொல்லையை வைக்கவில்லை. உப ஜனாதிபதி என்ற கதிரையே கிடையாது. "கதிரை இல்லாட்டி என்ன தம்பி, இருக்க ஆக்கள் இருக்காங்கதானே" என்கிறார் வினாயகபுரத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர்.

இங்கே துணை என்றால் பிரதமர்தான். 2015இல் மைத்திரிபால, வென்றால் ரணில்தான் பிரதமர் என்றார். வென்றார், ஆக்கினார். 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி அவரை நீக்கிவிட்டு, யாரைத் தோற்கடிக்க நம்மிடம் வாக்குக் கேட்டாரோ அந்த மஹிந்தவையே பிரதமராக்கினார். டிசம்பரில் ரணில் திரும்பி வந்தது தனிக் கதை.

கோட்டாபயவுக்குத் தேடும் வேலையே இருக்கவில்லை. 2019இல் சொந்த அண்ணன் மஹிந்தவே பிரதமர். சாதகம்கூடப் பார்க்கத் தேவையில்லை. 2022 மேயில் அண்ணன் விலக, மறுபடியும் ரணில்! 2020 தேர்தலில் ஆசனம் இழந்து, கட்சிக்குக் கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் இடத்தால் உள்ளே வந்தவர். ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டுப் போனார். பாராளுமன்றத்தில் 134 வாக்கு. துணைக்கு வந்தவர் ஜனாதிபதி.

எங்கள் கிழக்குக் கரையில் துணை தேடுவது இன்னும் நுட்பமான தொழில். கல்முனை முஸ்லிம் தலைவரோடு கைகோத்த படம் வந்தால், தமிழர் தரமுயர்த்தக் கேட்கும் கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் என்னாச்சு என்று வினாயகபுரம் கேட்கும். தமிழ்த் தலைவரோடு நின்றால் அதே கேள்வியைக் கல்முனை மறுபக்கமிருந்து கேட்கும். ஆகவே வேட்பாளர் இரண்டு படமும் எடுத்துவைப்பார். இரண்டு கட்டுச் சுவரொட்டியும் ஒரே லொறியில்தான் வரும். எந்த ஊரில் எதை இறக்குவது என்று சாரதிக்குத் தெரிந்தால் போதும்.