ஒட்டுப்பால் முதல் ஊத் வரை

மெர்லிமாவ் தோட்டத்து லயத்தில் பிறந்த வாசனைப் பிரியருக்கு முதல் சென்ட் ஒட்டுப்பால்தான். அதை ஏற்றிய லாரி போன பிறகும் வாசனை தெருவில் நிற்கும். இன்றைய பாரிஸ் சரக்குகளில் பல அவ்வளவு நேரம் தாங்குவதில்லை.

அடுத்தது குட்டிக்குரா பவுடர். கழுத்தில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் பூசியதாகக் கணக்கு. கல்யாணமென்றால் பன்னீர், ஜவ்வாது.

பிறகு கோலாலம்பூரில் வேலை. சம்பளத்தோடு ரசனையும் ஏறியது. இப்போது ஊத் இல்லாமல் அவர் வாசல் தாண்டுவதில்லை. அரபு வீடுகளில் காலங்காலமாகப் புகைந்த இந்த வாசனையை மேற்கத்தியக் கடைகள் பரவலாகக் கண்டுகொண்டது, 2002இல் இவ் சான் லோரானின் 'எம்7' வந்த பிறகுதான். புகை, தோல், கொஞ்சம் மாட்டுத்தொழுவம் என்று ரசிகர்கள் அதை வருணிப்பார்கள். “இதுக்காய்யா இவ்ளோ வெள்ளி குடுத்த?” என்கிறார் அம்மா. அவர் தொழுவம் பார்த்தவர்.

ஊத் தரும் அகில் மரத்தின் தாவரவியல் பெயர் அக்குவிலேரியா மலாக்கென்சிஸ். ஆம், நம்ம மலாக்காதான். ஆரோக்கியமான மரத்தில் அந்த மணம் இராது. காயம்பட்டு, பூஞ்சை பிடித்து, தற்காப்புக்காக மரம் சுரக்கும் பிசினுக்குத்தான் இத்தனை மவுசு. வெட்டித் தீர்த்ததில் 1995 முதல் சைட்டிஸ் ஒப்பந்தம் அதன் உலக வணிகத்துக்குக் கடிவாளம் போட்டது. அசல் எண்ணெயோ யானை விலை. ஆகவே பல குப்பிகளில் இருப்பது ஆய்வகத்தில் பிறந்த ஊத். மலாக்கா மரத்துக்கு அதில் ஒரு சொட்டுப் பங்கும் கிடையாது.