பந்திக்கு முந்தாத பாம்பு

கே: மகன் பால் பைதான் வளர்க்கிறான். பத்து நாளைக்கு ஒரு எலிதான் போடுகிறான். "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறீங்களே" என்று மாமியார் தினமும் கண் கலங்குகிறார். என்ன சொல்லிச் சமாளிப்பது? (வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

ப: தன் தலையைவிடப் பருத்த எலியை முழுசாக விழுங்குகிற ஜீவனுக்கா வாயில்லை! மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நாம் சாப்பிடுவதில் பெரும்பங்கு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவே கிடையாது. சுற்றுப்புறச் சூட்டில் காலம் தள்ளிவிடும். அடுப்பே எரியாத வீட்டுக்கு மாதம் இரண்டு சிலிண்டர் எதற்கு?

குட்டி என்றால் 5 முதல் 7 நாளைக்கு ஒரு இரை. ஒரு வயதை ஒட்டி 10 முதல் 14 நாளைக்கு ஒன்று. நன்றாக வளர்ந்துவிட்டதா, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். பாவப்பட்டு அதற்கு மேல் போட்டால், அந்தப் பாவமெல்லாம் கொழுப்பாகி அதன் கல்லீரலில் போய்ப் படியும்.

கே: எவ்வளவு பெரிய எலி போட வேண்டும்? (வாசகர், கோலாலம்பூர்)

ப: பாம்பின் உடம்பு எங்கே அதிகம் பருத்திருக்கிறதோ, அந்தப் பருமனுக்கு. உயிரோடு விடாதீர்கள். பாம்புக்குப் பசியில்லாத நேரம் பார்த்து எலி அதைக் கடித்துக் குதறிவிடும். உறையவைத்த எலியைக் குளிர் போக வைத்து, வெந்நீரில் சூடேற்றி, இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேண்டவே வேண்டாம்; எலி வெடித்தால் துடைக்கப்போவது நீங்கள்தான். ஃப்ரீசரில் வைக்கும் டப்பாவின் மேல் பெயர் எழுத மறக்காதீர்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஐஸ்கிரீம் தேடுவார்கள்.

கே: பால் பைதானுக்குப் பால் கொடுக்கலாமா? (வாசகர், மயிலாடுதுறை)

ப: அது நீங்கள் நினைக்கிற பால் இல்லை, பந்துக்கு இங்கிலீஷ்காரன் வைத்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காக்காரரான இவர், பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடுவார். எந்தப் பாம்புக்கும் பாலைச் செரிக்கிற வயிறு இல்லை. பாம்பாட்டி பல நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தால், தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும். அதைத்தான் பக்தி என்று படம் பிடிக்கிறோம்.

கே: இரண்டு மாதமாக என் பைதான் எதையும் தொடவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. (வாசகர், லண்டன்)

ப: ஆக, வீட்டில் இப்போது இரண்டு பேர் பட்டினி. நீங்கள் சாப்பிடுங்கள், அது தானாகச் சாப்பிடும். குளிர்காலத்திலும் இணைசேரும் பருவத்திலும் மாதக்கணக்கில் விரதம் இருப்பது இந்த இனத்தின் வழக்கம். கூண்டின் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறதா, ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை நின்றால் கவலை வேண்டாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தினமும் எலியை மூக்குக்கு நேரே ஆட்டி "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சினால் இருக்கிற பசியும் போய்விடும்.

கே: சாப்பிட்டதும் தோளில் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கலாமா? (வாசகர், கோவை)

ப: 48 மணி நேரம் தொடாதீர்கள். பர்மா மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கினால், இரண்டு மூன்று நாளில் அதன் இதயமே சுமார் 40 சதவீதம் பெருத்துவிடுகிறது. உள்ளே அவ்வளவு பெரிய வேலை நடக்கும்போது வெளியே செல்ஃபி எடுத்தால், விழுங்கியது உங்கள் சட்டையிலேயே திரும்பி வரும். அப்படிக் கக்கிவிட்டால் அடுத்த இரைக்கு இரண்டு வாரமாவது பொறுங்கள்.

இந்தியாவில் இருக்கிறீர்கள், அதனால் இன்னொன்று: வெளிநாட்டு உயிரினம் வளர்ப்பவர்களுக்கான 2024 விதிகளின்படி அதை அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டீர்களா? செய்யாமல் போட்டோவை முகநூலில் போட்டால் வனத்துறையும் லைக் போடும்.

கே: நாங்கள் சுத்த சைவம். சைவப் பாம்பு ஏதாவது உண்டா? (வாசகி, மயிலாப்பூர்)

ப: உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆப்பிரிக்காவில் பறவை முட்டை மட்டுமே தின்கிற பாம்பு உண்டு. முழு முட்டையை விழுங்கி, தொண்டைக்குள் நீட்டியிருக்கும் முதுகெலும்பு முனைகளால் உடைத்து, சாற்றைக் குடித்துவிட்டு ஓட்டைத் துப்பிவிடும். முட்டை சைவமா என்பதை உங்கள் வீட்டில் பேசி முடித்துவிட்டு எழுதுங்கள்.

கே: தோட்டத்துச் சாரைப்பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை இரை வைக்க வேண்டும்? (வாசகர், பொள்ளாச்சி)

ப: பிடித்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களுக்குத்தான் வேளாவேளைக்கு இரை வைப்பார்கள். தோட்டத்திலேயே விடுங்கள். உங்கள் எலிகளைத் தின்று அது ஏற்கெனவே உங்கள் செலவில்தான் வளர்கிறது.

கே: என் பாம்பு என்னைக் கண்டதும் ஆசையாக ஓடி வருகிறதே? (வாசகர், சிட்னி)

ப: கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போய்ப் பாருங்கள்.