பட்டங்களுக்குப் பெருமை

கேள்வி: இயற்கை ஆவணப்படக் கலைஞர் டேவிட் அட்டன்பரோவுக்கு பிரிட்டன் பட்டங்களை அள்ளிக் கொடுக்கிறதே, அத்தனைக்கும் அவர் தகுதியானவர்தானா?

பதில்: அவரிடம் போய்ச் சேர்வதால் பட்டங்களுக்குத்தான் பெருமை! 1985இல் ‘சர்’ பட்டம். 2005இல், 24 இடங்கள் மட்டுமே உள்ள ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’. 2016இல் பிரிட்டனின் புதிய துருவ ஆய்வுக் கப்பலுக்கு மக்களிடம் பெயர் கேட்டார்கள். ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்ற வேடிக்கைப் பெயருக்கே வாக்குகள் குவிந்தன. வாக்கெடுப்பை மீற எந்த அரசுக்கும் துணிச்சல் வேண்டும்; அந்தத் துணிச்சலைத் தந்தது அட்டன்பரோவின் பெயர். கப்பல் இன்று அந்தப் பெயரோடுதான் மிதக்கிறது. ஆனால் உச்ச விருது, ‘லைஃப் ஆன் எர்த்’ தொடருக்காக ருவாண்டா மலைக்காட்டில் படம்பிடித்தபோதே கிடைத்துவிட்டது. கொரில்லாக் குட்டிகள் அவர்மேல் ஏறி விளையாடின. அந்த நம்பிக்கையை வழங்க எந்த அரண்மனைக்கும் அதிகாரமில்லை!